விடியற்கால ரயிலும் வீட்டில் தங்கும் நாயும்: மாரிகுப்பத்தின் ஒரு நாள் கணக்கு

முழுநேர வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் விட்டுச்செல்லும் நாயை எப்படிப் பேணுவது என்ற கேள்வி எல்லா ஊர்களுக்கும் பொதுவானது. ஆனால் அதன் விடை, வேலையிடம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறுகிறது. இதைத் தெளிவாகக் காட்டும் ஊர்களில் ஒன்று மாரிகுப்பம். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலின் தென்பகுதியில், பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் கிளைப்பாதை முடியும் இடத்தில் அது இருக்கிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்து வரும் தண்டவாளம் இங்கே நின்றுவிடுவதால், பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுவே முதல் நிலையம். திரும்பி வருகிறவர்களுக்கு இதுவே கடைசி நிலையம். அந்தக் கிளைப்பாதையில் முதலில் வண்டியேறுகிறவர்களும் கடைசியாக இறங்குகிறவர்களும் இந்த ஊர்க்காரர்களே என்பதால், அவர்கள் வளர்க்கும் நாய்களின் பகலும் மற்ற நிலையத்து நாய்களின் பகலைவிட நீண்டுவிடுகிறது.

இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து ஒன்றே. மாரிகுப்பத்து நாயை வாட்டுவது அதை வளர்ப்பவரின் எட்டு மணி நேர வேலையைக் காட்டிலும், அந்த வேலையின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட பயணமே. அந்தப் பயணத்தைக் குறைக்கத் தனி ஒரு குடும்பத்தால் இயலாத நிலையில், இடையில் விழும் வெற்றிடத்தை நிரப்பக்கூடிய பொருள் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. லைன் என்று ஊரார் அழைக்கும் வரிசைவீட்டுத் தெருவின் பழைய கூட்டுவாழ்க்கையை, ஒழுங்கான பொறுப்பாகத் திரும்ப அமைத்துக்கொள்வதுதான் அதற்கு உகந்த வழி.

சங்கு ஊதிய காலமும் ரயில் ஊதும் காலமும்

1880-களில் ஜான் டெய்லர் குழுமத்தின் நிர்வாகத்தில் தங்கச் சுரங்கங்கள் பெருகத் தொடங்கியபோது, வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் ஆகிய சுரங்கங்களைச் சுற்றி, ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய சிறு வீடுகள் வரிசை வரிசையாக எழும்பின. அந்த வரிசைகளே லைன்கள். சுரங்கத்தின் வாயான ஷாஃப்டும் தொழிலாளியின் வீடும் நடந்து போகும் தொலைவில் இருந்தன. ஷிப்டு மாறும்போது ஊதும் சங்கு, வீட்டில் இருப்பவர்களுக்கும் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் ஒருசேரக் கேட்டது. 1952 ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், நிலத்துக்கு அடியில் வேலை செய்பவர் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கும் ஒரு வாரத்தில் 48 மணி நேரத்துக்கும் மேல் உழைக்கக்கூடாது என்று வரையறுத்தது. வேலையிடம் அருகிலேயே இருந்ததால், அந்த எட்டு மணி நேரத்துடன் பயணமென்று பெரிதாக எதுவும் சேரவில்லை.

ஷிப்டுகள் இரவும் பகலும் மாறி மாறி ஓடிய ஒரு தெருவில், எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் வீட்டில் இருந்திருப்பார். ஒரு வீட்டில் ஆள் தூங்கினால் எதிர்வீட்டில் உலை கொதிக்கும். ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் அடுத்த வீட்டுக் கதவு திறந்திருக்கும். இத்தகைய தெருவில் நாய்க்குத் தனிமை என்பது நேர வாய்ப்பில்லை. இரவில் அது யார் வீட்டு வாசலில் படுக்கிறதோ அந்த வீட்டு நாயென்று பெயர் பெற்றாலும், பகலில் அது லைன் முழுமைக்கும் சொந்தமான நாயாகவே உலவியது. பெரிய நகரங்களில் நாய்க் காப்பகம் என்ற பெயரில் காசு கொடுத்துப் பெறும் கவனிப்பை, அந்தத் தெரு யாரும் கேளாமலே கொடுத்து வந்தது.

சுரங்கங்கள் 1956 இல் மைசூர் அரசின் கைக்கும், 1962 இல் மத்திய அரசின் கைக்கும் மாறி, 1972 இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்னும் பொதுத்துறை நிறுவனமாயின. 2001 பிப்ரவரி 28 அன்று அந்நிறுவனத்தின் சுரங்கப்பணி நிறுத்தப்பட்டது. 1964 இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை தங்கவயலிலேயே ஒரு பகுதியினருக்கு வேலை தந்தாலும், எஞ்சிய பெரும்பாலோருக்கு வேலை இருந்த இடம் நூறு கிலோமீட்டர் அளவு தொலைவிலுள்ள பெங்களூர்தான். கட்டட வேலை, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை, மருத்துவமனை, அலுவலகப் பராமரிப்பு, கணினி நிறுவனம் என்று பலவகை வேலைகளுக்காக, இருள் பிரியுமுன் ரயிலேறி இரவில் வீடு திரும்பும் வாழ்க்கை அப்படித்தான் ஊரின் இயல்பாயிற்று. சங்கு நின்ற ஊரில் ரயிலின் ஊதலே நாளைத் தொடங்கிவைக்கிறது. முன்னது வீட்டாரை அடுத்த தெருவுக்கு அழைத்தது, பின்னது அவர்களை அடுத்த மாவட்டங்களைத் தாண்டி அழைத்துப் போகிறது.

ஒரு நாளின் கணக்கு

இந்த மாற்றம் நாயின் நாளில் என்ன செய்கிறது என்பதை ஓர் எளிய கூட்டலால் அறியலாம். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடியும் ஒரு வேலை, உணவு இடைவேளையோடு சேர்த்து ஒன்பது மணி நேரம் ஆகிறது. மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் நிலையம் வரையிலான பயணத்துக்கு இரண்டரை மணி நேரமும், வீட்டிலிருந்து நிலையத்துக்கும் அங்கிருந்து வேலையிடத்துக்கும் போக ஒரு மணி நேரமும் கொண்டால், ஒரு வழிக்கு மூன்றரை மணி நேரம். இரு வழிக்கும் ஏழு மணி நேரம். ஆக, வீட்டுக் கதவு பூட்டியிருக்கும் நேரம் பதினாறு மணி நேரமாகிறது. வீட்டில் இருவர் இருந்து இருவருமே அதே ரயிலில் போகிறார்கள் என்றால், நாய்க்கு மனிதர் முகம் தென்படுவது நாளின் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். அந்நேரத்திலும் பெரும்பகுதி உறக்கத்தில் கழிந்துவிடுகிறது.

வேலை நேரத்துக்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. பயண நேரத்துக்கு எந்தச் சட்டமும் எல்லை வகுக்கவில்லை. அதன் சுமை முதலில் தொழிலாளியின் உடலில் விழுகிறது. அடுத்து வீட்டிலிருக்கும் குழந்தைகளின் மேலும் முதியோரின் மேலும் விழுகிறது. சொல்லத் தெரியாத உயிரான நாயின் மேலும் அதே சுமை விழுகிறது. எனவே நாய் பகலெல்லாம் தனித்திருக்கிறது என்பதற்காக வளர்ப்பவரின் அன்பை ஐயப்படுவது நீதியாகாது. ஐயப்பட வேண்டியது நேரத்தின் அமைப்பை. மாற்ற வேண்டியதும் அதையே.

நாயின் உடல் தாங்கும் அளவு

வளர்ந்த, உடல்நலமுள்ள நாய் ஒரு நாளில் ஏறத்தாழப் பாதி நேரம் உறங்கியே கழிக்கிறது. ஆகவே சில மணி நேரத் தனிமையே அதற்குத் தீங்கு என்று கருத வேண்டியதில்லை. ஆனால் சிறுநீரை அடக்கிவைக்கும் ஆற்றலுக்கு எல்லை உண்டு. வளர்ந்த நாய்க்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. குட்டிக்கோ, அதன் வயது எத்தனை மாதமோ அத்தனை மணி நேரத்துடன் இன்னும் ஒரு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. அதாவது மூன்று மாதக் குட்டி நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மூப்படைந்த நாயும், சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ள நாயும் இந்த எல்லையைவிடக் குறைவாகவே தாங்கும். சுவீடன் நாட்டு வேளாண்மை வாரியத்தின் வழிகாட்டுதல், பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே அழைத்துச்செல்ல வேண்டும் என்கிறது. பதினாறு மணி நேரம் பூட்டிய வீட்டில் நாய் தரையை நனைத்துவிட்டால், அது நாயின் குற்றமன்று; உடலின் எல்லை மீறப்பட்டதற்கான அடையாளம். இரவில் களைத்து வருபவர் அதற்காக நாயை அடிப்பது, அதற்குப் புரியாத ஒன்றுக்குத் தண்டனை தருவதாகும். தான் செய்ததையும் தனக்குக் கிடைத்த அடியையும் பல மணி நேரம் கழித்து இணைத்துப் பார்க்க நாயால் முடியாது.

அடுத்தது வெப்பம். நாய்க்கு மனிதரைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. உள்ளங்கால் மெத்தைகளில் மட்டுமே அது சிறிது வியர்க்கிறது, எஞ்சிய வெப்பத்தை நாக்கை நீட்டி இரைத்தே வெளியேற்றுகிறது. தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் வேலூரைப்போலக் கொதிப்பதில்லை என்றாலும், மார்ச் முதல் மே வரை தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்ட கூரையின் கீழ், சன்னல் சாத்திய சிறிய அறையில் நண்பகல் வெப்பம் நாய்க்கு ஆபத்தாகலாம். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும் வெப்பத்தாக்கு நிலை உண்டாகிறது. கவிழாத கனமான பாத்திரங்கள் இரண்டில் இரண்டு வேறு இடங்களில் தண்ணீர், காற்று வரும் சன்னல், கூரையின் உட்புறம் வேய்ந்த ஓலை அல்லது பழைய கோணி, படுக்க வெறும் சிமெண்டுத் தரை ஆகியவை செலவு அதிகமில்லாத பாதுகாப்புகள். மூச்சு இரைத்து எச்சில் வடிய நாய் தள்ளாடினால், பனிக்கட்டியைத் தேடாமல் சாதாரணத் தண்ணீரை உடலெங்கும் ஊற்றி விசிறியபடியே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

தனிமை நோயாகும் இடம்

எல்லா நாய்களும் தனிமையை ஒரே விதமாகத் தாங்குவதில்லை. வளர்ப்பவர் வெளியே போன உடனே அச்சமும் கலக்கமும் மேலிட்டு, நாய் தன் கட்டுப்பாட்டை இழக்கும் நிலையைக் கால்நடை மருத்துவம் பிரிவுப் பதற்றம் என்கிறது. ஓயாமல் ஊளையிடுதல், கதவையும் சன்னலையும் பிறாண்டுதல், எச்சில் வடித்தல், நன்கு பழகிய நாயும் வீட்டுக்குள் அசுத்தம் செய்தல் ஆகியவை அதன் குறிகள். வளர்ப்பவர் வெளியேறிய முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே இவை பெரும்பாலும் தொடங்கிவிடும். சலிப்பால் செருப்பைக் கடிக்கும் நாயும், பதற்றத்தால் கதவைக் கிழிக்கும் நாயும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், முன்னதற்கு வேலை கொடுத்தால் போதும். பின்னதற்குச் சிகிச்சை தேவை. எது எது என்று பிரித்தறிய, பழைய கைபேசி ஒன்றை அறையில் வைத்து முதல் ஒரு மணி நேரத்தைப் படம் பிடிப்பதே எளிய வழி.

இந்தப் பதற்றத்துக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது படிப்படியாகப் பழக்குதல் என்னும் முறை. செருப்பை மாட்டி, பையை எடுத்து, கதவைத் திறந்து, வெளியே போகாமலே திரும்ப வந்து அமர்வது முதல் படி. ஒரு நிமிடம் வெளியே நின்று திரும்புவது அடுத்தது. பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று, நாய் கலங்காத அளவுக்குள்ளேயே நேரத்தை நீட்டிப் போவது அதன் சாரம். ஞாயிற்றுக்கிழமையும் விடுப்பு நாள்களும்தான் இதற்குக் கிடைக்கும் நேரம் என்பதால், பழக்கும் வாரங்களில் நாய் முழுப்பகலும் தனித்திருக்காமல் யாரிடமாவது விடப்பட வேண்டும். ஒரு நாள் பத்து நிமிடம் பழக்கி மறுநாள் பதினாறு மணி நேரம் பூட்டிவைத்தால் கட்டியது சரிந்துவிடும். கடுமையான நிலையில் ஃப்ளூவாக்சிடின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகளும் உண்டு. ஆனால் அவை கால்நடை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கத் தக்கவை. துணைக்கு இன்னொரு நாயை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. மனிதரைப் பிரிந்ததால் வந்த பதற்றத்தை மற்றொரு நாய் தீர்ப்பது உறுதியில்லை, தனித்திருக்கும் நாய்கள் இரண்டாகிவிடும் வாய்ப்பே மிகுதி.

நாய்க்கு நேரம் தெரியுமா என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. 2011 இல் சுவீடனின் ஆய்வாளர்களான தெரேசே ரேனும் லிண்டா கீலிங்கும் வெளியிட்ட ஆய்வில், அரைமணி நேரம் தனித்திருந்த நாய்களைவிட இரண்டு மணி நேரமும் நான்கு மணி நேரமும் தனித்திருந்த நாய்கள் வீட்டாரை மிகுந்த ஆவலோடு வரவேற்றன. டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில், 1925 மே மாதம் இறந்துபோன பேராசிரியர் ஹிடெசாபுரோ உவேனோவுக்காக 1935 மார்ச்சில் தான் இறக்கும்வரை வந்து வந்து நின்ற ஹாச்சிகோவின் வரலாற்றை உலகம் விசுவாசத்தின் உவமையாகப் போற்றுகிறது. ரயிலை நம்பி வாழும் மாரிகுப்பம் போன்ற ஊர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் சற்று வேறானது. நாய் ஏறத்தாழ எவ்வளவு நேரமும் காத்திருக்கும். அது காத்திருக்கிறது என்பதனாலேயே அதனால் தாங்க முடிகிறது என்று பொருள்கொள்ளக்கூடாது.

சங்கிலியும் சட்டமும்

வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் நாயை வாசல் தூணில் சங்கிலியால் கட்டிவிட்டுப் போவது பல ஊர்களில் காணும் வழக்கம். நாய் தொலையாது, யாரையும் கடிக்காது, வீட்டுக்குக் காவலாகவும் இருக்கும் என்பவை அதற்குச் சொல்லும் காரணங்கள். 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் விலங்கை நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதையும், போதிய உணவும் நீரும் நிழலும் கொடாமல் விடுவதையும் வதை என்றே வரையறுக்கிறது. அதே பிரிவில் நாய்க்கென்றே தனியாக ஓர் உட்பிரிவு உண்டு: வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் அல்லது அடைத்துவைக்கப்படும் நாய்க்கு, அதன் உரிமையாளர் நியாயமான அளவு உடற்பயிற்சி கொடாமலோ பிறரைக்கொண்டு கொடுக்கச் செய்யாமலோ புறக்கணித்தால், அதுவும் குற்றம். முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய் வரைதான். தொகை சிறிது என்பதால் கடமை சிறிதாகிவிடாது. பிறரைக்கொண்டு செய்வித்தாலும் போதும் என்று அச்சட்டம் ஏற்பது மாரிகுப்பத்தாருக்கு முக்கியமானது. தானே செய்ய நேரமில்லாதவர் இன்னொருவரிடம் ஒப்படைப்பதைச் சட்டம் புறக்கணிப்பாகக் கருதவில்லை. கடமையை நிறைவேற்றும் வழிகளில் ஒன்றாகவே கருதுகிறது.

சங்கிலி தவிர்க்க முடியாத வீட்டில், தூணுக்குத் தூண் உயரக் கட்டிய கம்பியில் வளையம் ஓடும்படி நீண்ட கயிற்றைக் கோப்பது நல்லது. நாய்க்கு நடக்க இடமும் நிழலுக்குப் போக வழியும் கிடைக்கும். ஆனால் முற்றிலும் அவிழ்த்துவிடுவதும் தங்கவயலில் தனித்த ஆபத்து. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட, சயனைடு மலை என்று ஊரார் அழைக்கும் மண்மேடுகளும், அவற்றின் அடியில் மழைக்குப் பின் தேங்கும் நீரும், கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகளும், ரயில் தண்டவாளமும் சுற்றித்திரியும் நாய்க்குக் காத்திருக்கும் கண்ணிகள். பூட்டிய அறைக்கும் அவிழ்த்துவிட்ட வெளிக்கும் நடுவில், ஆள் பார்வையில் இருக்கும் தெருவே நாய்க்கு உகந்த இடம்.

லைனின் பொறுப்பு

லைன்களில் பகல்நேரத்தில் இன்றும் ஆள் இல்லாமல் போய்விடவில்லை. சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகள், வீட்டிலேயே தையல் வேலையோ சிறு கடையோ நடத்தும் பெண்கள், நண்பகலில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் எனப் பலர் இருக்கிறார்கள். ஒரு பக்கம் துணையின்றி அமர்ந்திருக்கும் முதியவர், மறுபக்கம் துணையின்றிப் படுத்திருக்கும் நாய், இருவருக்கும் நடுவில் ஒரு சுவர்: இந்த நிலையைப் பார்க்கும் யாருக்கும் அந்தச் சுவரில் ஒரு கதவு திறக்கலாமே என்ற எண்ணம் வராமல் இராது.

ஆனால் இந்த உதவி வாய்ப்பேச்சில் நின்றுவிடாமல் நிலைபெற, அது முறையாக அமைய வேண்டும். முதலாவது, கேட்கும் வேலை தெளிவாக இருக்க வேண்டும்: பதினொரு மணிக்குக் கதவைத் திறந்து நாயைப் பத்து நிமிடம் வெளியே விடுவது, தண்ணீரை மாற்றுவது, மாலை நான்கு மணிக்கு மறுபடி ஒருமுறை அதையே செய்வது. காலை ஐந்து மணிக்கு வீட்டார் புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்பினால், இந்த இரண்டு வருகைகளே பதினாறு மணி நேரத்தை ஆறு, ஐந்து, ஐந்து என்று மூன்றாகப் பிரித்துவிடுகின்றன. அந்த ஒவ்வொரு துண்டும் நாயின் உடல் தாங்கும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. இரண்டாவது, கேட்கப்படுபவரின் உடலையும் கருத வேண்டும். பாறைத்தூளைப் பல ஆண்டுகள் சுவாசித்து சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளானவர்கள் தங்கவயலில் உண்டு. அத்தகையவரிடம் இழுத்து ஓடும் பெரிய நாயின் கயிற்றைக் கொடுப்பது தகாது, கதவைத் திறந்து திண்ணையில் உடன் அமர்ந்திருக்கச் சொல்வதே தகும்.

மூன்றாவது, இதற்குக் கைம்மாறு வேண்டும். வீட்டிலிருக்கும் பெண்ணின் நேரத்தை விலையில்லாததாகக் கருதும் பழக்கம் நாய் விஷயத்திலும் எளிதில் நுழைந்துவிடும். அக்கா சும்மாதானே இருக்கிறார் என்று ஒரு நாளும் எண்ணக்கூடாது. மாதத்துக்கு ஒரு தொகை கொடுக்கலாம். பெங்களூரிலிருந்து மருந்து வாங்கி வருவது, மின்கட்டணம் செலுத்துவது, மருத்துவமனைக்கு உடன் செல்வது போன்ற உதவிகளாலும் ஈடு செய்யலாம். ஆனால் அது நினைத்தபோது காட்டும் நன்றியாக இல்லாமல், முன்பே பேசி முடித்த உடன்பாடாக இருக்க வேண்டும். ஒரே லைனில் நாய் வளர்க்கும் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்தால், விடுப்பு நாள்களையும் ஷிப்டுகளையும் முறைவைத்து, ஒருவர் வீட்டிலிருக்கும் நாளில் மற்றவர்களின் நாய்களையும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செலவின்றியே நடக்கும்.

விடியலுக்கு முன்னும் இரவுக்குப் பின்னும்

பிறர் உதவி எவ்வளவு இருந்தாலும் நாளின் இரு முனைகள் வளர்ப்பவருக்கே உரியவை. ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பு எழுந்து இருபது நிமிடம் நாயோடு நடப்பது, அதன் பகலுறக்கத்துக்கு அடித்தளம் இடுகிறது. நடந்து, மோந்து, கழித்து, உண்ட நாய் பெரும்பாலும் முதல் நான்கு மணி நேரத்தை உறங்கியே கழிக்கும். நாயின் உலகம் மூக்கின் வழியாகவே திறக்கிறது என்பதால், நடையின்போது கயிற்றை இழுத்து விரட்டாமல் அதை மோந்து பார்க்க விடுவது, நீண்ட தூரம் நடத்துவதற்கு ஒப்பான பயனைத் தரும். அந்த நடை எவ்வளவு சிறியதானாலும் நாள்தோறும் ஒரே நேரத்தில் நடப்பது நாயின் மனத்துக்கு அமைதி தருகிறது.

சூழல் செறிவூட்டல் என்று வல்லுநர்கள் சொல்வது, அடைபட்ட விலங்குக்கு அதன் இயல்பான தேடலையும் மோப்பத்தையும் பயன்படுத்த வாய்ப்பளிப்பதைக் குறிக்கும். அதற்கு விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள் வேண்டியதில்லை. காலை உணவில் ஒரு பகுதியை உருண்டைகளாக்கி, மடித்த கோணிப்பையின் மடிப்புகளிலும் முற்றத்தின் மூலைகளிலும் ஒளித்துவைத்தால் நாய் அரைமணி நேரம் தேடி உண்ணும். கோலார்ப் பகுதியின் உணவான ராகிக் களியை வேகவைத்த முட்டையோ இறைச்சியோ சேர்த்துக் கொடுக்கலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. கோழிக்குழம்பில் வெந்த எலும்பைப் போட்டுவிட்டுப் புறப்படும் வழக்கமும் கைவிடத் தக்கது. வெந்த எலும்பு சிலாம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும், அப்போது பார்க்க வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள். இரவில் வந்ததும் காதின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் தடவி உண்ணி இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் தேடுவது, கொஞ்சுவதாகவும் உண்ணிக்காய்ச்சலைத் தடுப்பதாகவும் ஒரே நேரத்தில் அமையும்.

பல கைகள் தொடும் நாய்க்குத் தடுப்பூசி இரட்டிப்பாகத் தேவை. வெறிநோய்க்கு எதிரான ஊசி மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் காலத்தில் ஊக்க ஊசியாகவும் பிறகு ஆண்டுதோறும் போடப்பட வேண்டும். அந்நோயின் குறிகள் தோன்றிவிட்டால் காப்பாற்ற ஏறத்தாழ வழியே இல்லை என்பதால், கடியோ கீறலோ பட்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைக் கதவைத் திறக்க வரும் பிள்ளைக்கும் பாட்டிக்கும் சொல்லிவைப்பது வளர்ப்பவரின் கடமை. தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் 1907 இல் குன்னூரில் நிறுவப்பட்டதே இந்நோயிலிருந்து மக்களைக் காக்கத்தான்.

வேண்டாம் என்பதும் அன்பே

இவ்வளவுக்கும் பிறகு, நாய் வளர்க்காமலிருப்பதே முறையாகும் வீடுகளும் உண்டு. எல்லோரும் பதினாறு மணி நேரம் வெளியே இருக்கும், அக்கம்பக்கத்தில் உதவிக்கும் ஆளில்லாத வீட்டுக்கு இரண்டு மாதக் குட்டியைக் கொண்டுவருவது அதற்குச் செய்யும் தீங்கு. ஓடுவதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி, முதோல் போன்ற வேட்டை நாய்களும், காவலுக்குப் பேர்பெற்ற ராஜபாளையமும் பெருமைக்குரிய நாட்டு இனங்களே. 2005 இல் இந்திய அஞ்சல்துறை முதோலுக்கும் ராஜபாளையத்துக்கும் தபால்தலை வெளியிட்டது. ஆயினும் ஓரறை லைன் வீட்டில் நாள் முழுதும் அடைபட அவை பிறக்கவில்லை. அந்த வீட்டுக்குப் பொருத்தமானது, அதே தெருவில் பிறந்து, அதன் மனிதர்களையும் வெயிலையும் அறிந்த, வளர்ந்த நாட்டு நாய்தான். அதைக்கூட வீட்டில் அடைக்க இயலாதவர், அது தெருவில் இருக்கும்போதே அதற்குக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்து, இரவில் ஒரு வேளை சோறு வைக்கலாம். 2023 இன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அத்தகைய நாய்களைச் சமூக விலங்குகள் என்றே குறிப்பிடுகின்றன. லைன் நாய் என்ற பழைய வழக்கமும் இதைத்தான் குறித்தது.

முன்னே உண்ணாத கடமை

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்து, இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கல்வெட்டு, காளி என்னும் நாய்க்காக நடப்பட்டது. 949 ஆம் ஆண்டளவில் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த போரில் கங்க மன்னன் பூதுகனின் பக்கம் நின்று போரிட்ட மணலேரன், பரிசாக என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது அந்த நாயையே கேட்டுப் பெற்றான். பின்னர் அது ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு போராடி, இரண்டுமே மாண்டபோது, அதற்கு ஒரு கல் நட்டு, நிலமும் விடப்பட்டது. தமிழகத்திலும் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, தலைவன் இறந்தபின்னும் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. தக்கோலம் பழைய வட ஆர்க்காட்டு மண். தங்கவயலுக்குக் குடிபெயர்ந்த பல குடும்பங்களின் முன்னோர் வாழ்ந்த நாடும் அதுவே.

ஆதகூர்க் கல்வெட்டில் வீரத்தைவிட ஆழமாக மனத்தில் பதியும் ஒரு விதி இருக்கிறது. அந்த நிலத்தை அனுபவிக்கும் கோயில் பூசகர், நாயின் கல்லுக்கு வழிபாடு செய்யாமல் தாம் உணவு கொண்டால் அவரைப் பாவம் சேரும் என்று அது விதிக்கிறது. நாயைப் போற்றுவது என்பதை அக்காலத்தவர் ஒரு நாள் விழாவாக நினைக்கவில்லை. நாள்தோறும், தன் பசிக்கு முன்னே, பெயர் குறித்த ஒருவர் செய்ய வேண்டிய வேலையாக அதை எழுதிவைத்தார்கள். அதைச் செய்பவருக்கு நிலமும் கொடுத்தார்கள். மாரிகுப்பத்தில் விடியலுக்கு முன் ரயிலேறுபவர் தன் நாய்க்காகச் செய்ய வேண்டியதும் இந்த அமைப்பையே ஒத்தது: யார் கதவைத் திறப்பார், எத்தனை மணிக்குத் திறப்பார், அவருக்கு என்ன ஈடு என்பதை ரயிலுக்கு முன்பே முடிவுசெய்துவைப்பது. அது நடந்த வீட்டில், பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் தாழ்ப்பாளை நீக்கும் ஓசை கேட்டதும், நாய் வாலை ஆட்டிக்கொண்டு வெயிலுக்கு வரும்.